படிவத்தில் இல்லாத இலை

அவர் உட்கார்ந்து நான் பார்த்தது ஒரே ஒரு முறைதான். மற்றபடி எல்லாம் நின்றுகொண்டேதான். பால் விடாத கட்டன் சாயாவை நின்று குடிப்பார். நோட்டை இடது முன்கையில் ஏந்தி நின்று எழுதுவார். வீட்டுக்காரர்கள் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டால், அதில் தன் பையை உட்காரவைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்பார். ஒருநாள் காரணம் கேட்டேன். "நான் இருந்தா அவங்க கத பறயும். நின்னா பதில் சொல்லும்" என்றார்.

பெயரை எழுதப்போவதில்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் அவர் எத்தனையோ வீட்டுக் கதைகளை வாங்கிப் போனார். ஒரு வீட்டுக் கதையை இன்னொரு வீட்டில் இறக்கியதே இல்லை. அந்த மரியாதையை நான் திருப்பிச் செய்ய வேண்டாமா? எங்கள் சந்தில் அவருக்கு வைத்த பெயர் கேள்விச் சேச்சி. அது போதும்.

நான் அப்போது படகு ஜெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஃபோட்டோஸ்டாட் கடையில் வேலை பார்த்தேன். அவர் பக்கத்து ஊரான கும்பளங்கிக்காரர். பஸ்ஸில் வந்து இறங்கி, ஒரு கட்டுப் படிவத்தை என் முன்னால் வைத்து நகல் எடுக்கச் சொன்னார். எடுக்கும்போதே படித்துவிடுவது என் கெட்ட பழக்கம். உங்கள் தாயின் உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் இறந்தவர்கள் எதனால் இறந்தார்கள் என்று மலையாளத்தில் அடித்திருந்தது. "இதெல்லாம் எங்க சந்துல போய்க் கேட்டா அடி விழும்" என்று சொல்லிவிட்டேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அந்தச் சந்துல உள்ளவளா நீ? தமிழ் பேசும் அல்லே? எனக்கு ஒரு ஆள் வேணும்."

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து கடையில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு அவர் பின்னால் போக ஆரம்பித்தேன்.

எங்கள் சந்து ஒரு சுக்கு குடோனின் முதுகுப்பக்கம் இருக்கிறது. மூன்று தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள். சுக்கை வெளுக்க உள்ளே கந்தகம் கொளுத்துவார்கள். அந்தப் புகை எங்கள் ஓட்டு இடுக்குகள் வழியே இறங்கும். காயப்போட்ட துணியில் அந்த வாசனை, சோற்றில் அந்த வாசனை, பள்ளிக்கூடம் போனால் தலைமுடியில் அந்த வாசனை. சந்தில் சில பெண்களுக்கு மார்பில் புற்று வந்தது. என் அம்மாவும் அதில்தான் போனாள். அப்போது நான் பிளஸ் டூ. எதனால் வந்தது என்று யாரைக் கேட்டாலும் குடோன் சுவரைக் காட்டுவார்கள். நானும் அதைத்தான் காட்டினேன். ஆராய்ச்சிக்கு ஆள் வந்திருக்கிறது என்றால் அதை எழுதி முத்திரை குத்திக் கொடுப்பார்கள், குடோன்காரரை நடுத்தெருவில் நிறுத்தலாம் என்றுதான் அவரோடு சேர்ந்தேன். இதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

அவர் வந்த வேலை வேறு. புற்றுநோயில் ரத்தவழியாக வருவது எவ்வளவு, வாழும் இடத்தால் வருவது எவ்வளவு, இரண்டும் எங்கே கைகோத்துக்கொள்கிறது என்று பார்க்க வந்தவர். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெரிய தாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் வந்தவர்களைக் கறுப்பாக நிரப்புவார். குழாய்த் தண்ணீரா கிணற்றுத் தண்ணீரா, அடுப்பு எது, வெற்றிலையில் புகையிலை உண்டா, குடோனில் வேலை பார்த்தது எத்தனை வருஷம், எல்லாம் கேட்பார். எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்காரர்கள் மூச்சு விடும்போது, "இனி யாருண்டு?" என்பார். செத்துப்போன ஒரு சித்தப்பாவை நினைவுபடுத்திச் சொல்வார்கள். எழுதிவிட்டு மறுபடியும், "இனி யாருண்டு?" சொல்ல ஆளே இல்லாமல் போகும்வரை விடமாட்டார். மீன்காரன் மீனின் வயிற்றில் கடைசிச் சொட்டுவரை வழித்தெடுப்பதுபோல வழித்தெடுக்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக வரும்.

இவ்வளவும் கேட்பவர் வாயிலிருந்து காரணம் மட்டும் வராது. "சேச்சி, இது எதனாலே வந்தது? நீங்களாவது சொல்லுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். "இப்போ அறியில்ல" என்பார். சாயாவுக்குச் சர்க்கரை வேண்டாம் என்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொல்வார். படித்தவருக்கு அப்படிச் சொல்ல வெட்கம் வேண்டாமா என்று எனக்குத் தோன்றும்.

சந்துக் கமிட்டிக்காரர் ஒருநாள் வழிமறித்தார். "குடோன் புகைதான் காரணம்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. மத்ததை நாங்க பாத்துக்கிறோம்."

"இப்போ அறியில்ல."

அதே வாரம் குடோன் முதலாளி எங்களை உள்ளே கூப்பிட்டு, முந்திரிப்பருப்புப் பெட்டி ஒன்றை மேசையில் நகர்த்தினார். "இது இவங்க குடும்பத்துல உள்ள தீனம் அல்லே மேடம்? சொந்தத்துக்குள்ளயே கட்டிக்கிட்டா வராம என்ன செய்யும்? அத மட்டும் எழுதினா மதி, போதும்."

"அதும் அறியில்ல" என்றார். பெட்டியைத் தொடவில்லை. நான் அதை ஒரு நிமிஷம் கூடுதலாகப் பார்த்தேன், அவ்வளவுதான்.

இரண்டு பக்கத்துக்கும் அவர் மேல் ஆத்திரம். எனக்கு இரண்டு பக்கத்தையும் விடக் கூடுதல். அன்று சாயாக்கடையில் வைத்துக் கேட்டே விட்டேன். "என் அம்மா இருமி இருமித்தான் செத்தா. அந்தப் புகை உங்களுக்கு ஒண்ணுமில்லையா?"

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். "இருமலுக்குக் காரணம் அறியும். புற்றுக்கு அறியில்ல. ரெண்டும் வேற வேற." மறுநாள் இருமலைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம் எழுதி, அனுப்ப வேண்டிய ஆபீஸ்களுக்கெல்லாம் அனுப்பினார். என் கடையில்தான் நகல் எடுத்தார். சில மாதங்களில் குடோன்காரர் புகைபோக்கியைக் கூரைக்கு மேலே உயர்த்தினார். கமிட்டி அதைத் தன் வெற்றி என்று போஸ்டர் ஒட்டியது. அவர் அந்தப் போஸ்டரை நின்று முழுதாகப் படித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அவருடைய எழுத்து முறையைச் சொல்ல வேண்டும். பேனாவால் எழுதுவது, ஆட்கள் சொன்னது. பென்சிலால் வைப்பது, இன்னும் முடியாதது. பேனாவில் அவர் சொந்தமாக ஒரு சொல் சேர்த்ததில்லை. மனைவி எதனால் போனாள் என்று கேட்டதற்கு ஒரு சுமைதூக்கும் கிழவர், "கண்ணேறு பட்டுட்டு" என்றார். அப்படியே எழுதினார். வெளியே வந்ததும் நான் சிரித்தேன். "அவரு சொன்னது அதல்லே? திருத்த நான் யாரு?" என்று கேட்டார். கேலியாக இல்லை, நிஜமாகவே கேட்டார். கிழவர் பத்து நாள் கழித்துத் தானே தேடி வந்து, அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி இருந்ததென்று சொல்லிவிட்டுப் போனார். கண்ணேறுக்குக் கீழே அதையும் பேனாவால் எழுதினார்.

எங்கள் வீட்டுத் தாளைக் கடைசியில்தான் எடுத்தார்.

எங்கள் வீட்டில் அக்கா தங்கையை அண்ணன் தம்பிக்குக் கட்டியிருந்தார்கள். என் அம்மாவின் அக்காவைக் கட்டியவர் அப்பாவின் அண்ணன். அவர்கள் சங்கரன்கோவில் பக்கம் ஊரிலேயே இருந்துவிட்டார்கள். பெரியம்மா கொச்சிக்கு வந்து ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. சுக்கையும் கந்தகத்தையும் அவள் கண்டதில்லை. எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது அவள் இறந்தாள், மார்பில் புற்று வந்து. கேட்டால் பாம்பு கடித்தது என்று சொல்ல வேண்டும் என அன்றே பெரியவர்கள் பேசி முடித்தார்கள். பெண் பிள்ளைகள் இருக்கிற வீடு. அப்போது ஏழு வயதாக இருந்த என் தங்கைக்கு அதுவே உண்மையாகிவிட்டது. ஆறு வருஷம் கழித்து அம்மாவும் போனபோது பாம்பு இன்னும் அவசியமாகிவிட்டது.

ஏனென்றால் கொச்சித் தமிழ்க் குடும்பங்களில் சம்பந்தம் பேச வருகிறவர்கள் நகையைக் கேட்கும் முன்னால் நோயைக் கேட்பார்கள். எனக்கு வந்த இரண்டு இடமும் அம்மா எப்படிப் போனாள் என்பதோடு எழுந்து போய்விட்டது. மூன்றாவது இடத்துக்கு நான் உட்காரவில்லை, தங்கைக்குப் பார்க்கச் சொல்லிவிட்டேன். இடக்கொச்சியில் ஒரு நல்ல குடும்பம் அமைந்தது, எறணாகுளம் பிராட்வேயில் கடை. மாப்பிள்ளையின் அம்மா என்னிடம் தனியாகக் கேட்டார். "உங்கம்மாவுக்கு வந்தது அந்தக் குடோன் புகையாலதானேம்மா? வேற யாருக்கும் இல்லைல்ல?"

"புகையாலதான் அத்தை. வேற யாருக்கும் இல்ல."

இது நடந்து இரண்டு வாரத்தில்தான் கேள்விச் சேச்சி எங்கள் வீட்டுத் தாளை விரித்தார். அம்மாவின் வட்டத்தைக் கறுப்பாக்கினார். பக்கத்தில் பெரியம்மாவுக்கு ஒரு வட்டம் போட்டார். "இவங்க கொச்சியில இருந்ததில்ல, அல்லே?" என்று கேட்டபோது அவர் குரல் கொஞ்சம் வேகமானது. எனக்கு அதற்குள் வேலை தெரிந்திருந்தது. சந்தில் வாழ்ந்தவளுக்கும் வாழாத அக்காவுக்கும் ஒரே நோய் என்றால் அது எந்தப் பக்கம் சாயும் என்று எனக்குத் தெரியும். கமிட்டியின் மனு, என் அம்மாவின் இருமல், தங்கையின் கல்யாணம், எல்லாம் அந்த ஒரு வட்டத்தில் நின்றது.

"எப்படி மரிச்சாங்க?"

"பாம்பு கடிச்சு" என்றேன். யாரும் பக்கத்தில் இல்லை, யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. பேனாவால் எழுதினார். "இனி யாருண்டு?" என்றார்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால், எங்கள் வழக்கப்படி, தாலியோடு போன பெண்களுக்கு வீட்டில் இலை போட்டோம். ஆளுக்கொரு தலைவாழை இலை, ஒரு புதுச்சேலை, பூ, அவரவருக்குப் பிரியமானது. கடைசியில் எதற்கு ஆசைப்பட்டார்களோ அதையும் வைக்க வேண்டும். அப்பா அதில் யாரையும் கைவைக்க விடமாட்டார், எல்லாம் அவரே வாங்கி வருவார். தங்கை, மாப்பிள்ளையின் அம்மாவோடு பிராட்வேக்கு ரவிக்கை வாங்கப் போயிருந்தாள். சேச்சி பக்கத்து வீட்டில் விட்டுப்போன ஒரு கையெழுத்துக்காக வந்தவர், அப்பா கூப்பிட்டதும் உள்ளே வந்தார். இலைகளைப் பார்த்ததும் அவருக்குக் கேட்காமல் இருக்க முடியுமா.

"இது யாருக்கு அச்சா?"

"எங்க அத்தைக்கு. பிரசவத்துல போனவ. பாயசம்னா உசிரு."

"இது?"

"என் வீட்டுக்காரிக்கு. கரிமீன் பொரிச்சது. இங்க வந்தப்புறம் பழகின ருசி அது."

மூன்றாவது இலையில் சோற்றுக்குப் பக்கத்தில் நான்கு துண்டு பிரெட்டும் இரண்டு ஆரஞ்சும் இருந்தன. நான் அப்போதுதான் பார்த்தேன்.

"அது எங்க மதினிக்கு. இவளுக்குப் பெரியம்மா" என்றார் அப்பா. "திருநெல்வேலி ஆசுபத்திரில நான்தான் கூட இருந்தேன். ரெண்டு மாசமா வேற ஒண்ணும் தொண்டைல எறங்கலம்மா. ஆரஞ்சை நானே உரிச்சுக் குடுப்பேன்." சொல்லிவிட்டு ஆரஞ்சை இலையில் கொஞ்சம் நேராக வைத்தார். கண் கலங்கியிருந்தது. பதினேழு வருஷமாகச் சம்பந்திகளிடமும் சொந்தக்காரர்களிடமும் தவறாமல் பாம்பு என்று சொன்ன மனிதர். உயிரோடு இருக்கிறவர்களிடம் அவரால் பொய் சொல்ல முடிந்தது. இலையில் வைக்க முடியவில்லை.

பாம்பு கடித்தவள் இரண்டு மாதம் ஆரஞ்சு தின்றிருக்க மாட்டாள். இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி வேண்டாம். சேச்சி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இனி யாருண்டு என்று கேட்கப்போகிறார், அப்பா முன்னால் கேட்கப்போகிறார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. பையைக் கதவோரம் வைத்துவிட்டு, மூன்றாவது இலைக்கு எதிரே, தரையில், சம்மணமிட்டு உட்கார்ந்தார். சாமி கும்பிட்டு முடியும்வரை எழுந்திருக்கவில்லை. பிறகு எங்களோடு சாப்பிட்டார். கை கழுவும்போது கேட்டது ஒன்றுதான்.

"தங்கச்சிக்கு எத்ர வயசு?"

"இருபத்திநாலு."

"நேரம் உண்டு" என்றார். "ஆனா ஒருபாடு இல்ல, கொஞ்சந்தான்."

மறுநாள் அவர் நோட்டைத் திருட்டுத்தனமாகத் திறந்து பார்த்தேன். 'பாம்புக் கடி' பேனாவில் அப்படியே இருந்தது. பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. நான் திறந்ததை அவர் பார்த்துவிட்டார்.

"ஏன் சேச்சி என்கிட்ட கேக்கல?"

"கேட்டேனல்லோ. நீ பதில் சொன்னே. நான் எழுதி."

"நேத்து இலைய பாத்தீங்களே."

"ஃபாரத்துல இலைக்கு இடம் இல்ல மோளே. நீ சொல்லு, நான் எழுதும்." பிறகு, அவர் வழக்கத்தில் இல்லாதபடி, கொஞ்சம் நீளமாகப் பேசினார். அம்மாவுக்கு வந்தது அம்மாவோடு நின்றதா, அம்மாவின் அக்காவுக்கும் உண்டா என்று தெரிந்தால்தான் தங்கைக்கு ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று டாக்டர்களிடம் பேச முடியும். அவராகப் போய் என் வீட்டு விஷயத்தைத் தங்கையிடம் சொல்லக் கூடாது. நான் சொல்லலாம். "கல்யாணம் கழிஞ்சு சொன்னாலும் மதி. ஆனா சொல்லணும்."

கல்யாணம் முடிந்தது. நான் சொல்லவில்லை. ஒரு வாரம் போகட்டும் என்று நினைத்தேன், பிறகு ஓணம் போகட்டும் என்று நினைத்தேன். அவரும் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீடு வீடாக நின்று கேட்கிறவர் என்னிடம் மட்டும் கேட்காமல் நடந்தார். அது என்னைத் தின்றது. திட்டியிருந்தால் நான் திருப்பித் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். கடையில் யாரிடமாவது இரவல் வாங்கிய பேனாவைத் திருப்பித் தரும்போதுகூட அந்தப் புள்ளிதான் ஞாபகம் வரும்.

ஆராய்ச்சிக்கான காலம் முடிந்து அவர் கிளம்பிய அன்று ஜெட்டிவரை கூடப் போனேன். படகு வந்தது. ஃபோன் நம்பரை என் உள்ளங்கையில் எழுதினார், பேனாவால். படகிலும் உட்காரவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கயிற்றை அவிழ்க்கும்வரை வாய் திறப்பேன் என்று எனக்கே ஒரு நம்பிக்கை இருந்தது. படகு போய்விட்டது. கடைக்கு ஓடிப்போய், வியர்வையில் அழிவதற்குள் நம்பரை ஒரு தாளில் எழுதி, அதை இரண்டு நகல் எடுத்து வைத்தேன். அவ்வளவு பத்திரமாக வைத்துக்கொண்டு மூன்று வருஷம் கூப்பிடாமல் இருந்தேன்.

இப்போது ஆண்டுக்கு ஒரு முறை நானும் தங்கையும் எறணாகுளம் போகிறோம். பரிசோதனையில் அந்த ரத்தவழிக் கோளாறு அவளுக்கு உண்டு, எனக்கு இல்லை. யாருக்காக நான் மறைத்தேனோ அவளுக்குத்தான் உண்டு. அவள் ஸ்கேனுக்கு உள்ளே போனதும் என்னால் நாற்காலியில் இருக்க முடியாது. வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பேன். உட்காருங்க சேச்சி என்று நர்ஸுகள் சொல்லி அலுத்துவிட்டார்கள். இதுவரை ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்வார். அந்த 'இதுவரை'யோடு வீட்டுக்கு வருகிறோம். எங்கள் வீட்டுக்கு ரத்தம் என்றால் சந்தில் மற்ற வீடுகளுக்கு என்ன, எங்கள் ரத்தத்தோடு அந்தப் புகை சேர்ந்து என்ன செய்தது என்பதற்கெல்லாம் இன்னும் பதில் இல்லை. அதை அவர் வேறெங்கோ இன்னும் நின்றுகொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்.

நான் அவரைக் கூப்பிட்டது ஒரு காலை நேரத்தில். தங்கை பிள்ளையோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பால் கொடுக்கும்போது, இடது பக்கம் ஒரு கட்டிபோல இருக்கிறது என்று சும்மா சொல்வதுபோலச் சொன்னாள். டாக்டரிடம் காட்டினோம். பால் கட்டியதுதான், இரண்டு நாளில் கரைந்தும் போனது. அவள் மறந்துவிட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலை, கூடத்தில் அவள் இருக்கும்போதே, அவள் காதில் விழட்டும் என்றே, அந்த நம்பரை அழுத்தினேன்.

"சேச்சி, நான்தான். ஜெட்டி ஃபோட்டோஸ்டாட்."

"சொல்லு."

"எங்க பெரியம்மாவ பாம்பு கடிக்கல."

தங்கை பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டிய கை நின்றது.

"ஒரு மினிட்டு" என்றார் சேச்சி. "பேனா எடுக்கட்டே."

பிறகு கேட்டார். எந்த மார்பு, எந்த வயதில் தெரிந்தது, எங்கே பார்த்தார்கள், எத்தனை மாதம் இருந்தாள். முதல்முறை ஒரு வீட்டு வாசலில் நின்று கேட்பதுபோலவே கேட்டார். நான் சொல்லிக்கொண்டே போனேன். தங்கை என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்பவே சொல்லியிருந்தா ஏதாவது மாறியிருக்குமா சேச்சி?"

"அறியில்ல."

அழுதுவிட்டேன். அவர் ஃபோனை வைக்காமல் காத்திருந்தார். அழுகை அடங்கியதும் கேட்டார்.

"இனி யாருண்டு?"

"தங்கச்சி. இருபத்தேழு."

"இனி?"

"நான். முப்பத்தொண்ணு."

"இனி யாருண்டு?"

தங்கை பிள்ளையை மடிக்கு இறக்கி, அதன் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"தங்கச்சிக்கு ஒரு பொண்ணு உண்டு" என்றேன். "எட்டு மாசம்."

பேனா நகரும் சத்தம் கேட்டது. சின்ன வட்டமாகத்தான் போட்டிருப்பார்.